பழைய தையல் இயந்திரம்: பிளக்கைச் செருகும் முன் சோதிப்போம்

மாணவர்களே, பழைய பொருள் சந்தைகளில் கறுப்பு உடலும் பொன்னிற எழுத்துகளும் கொண்ட மின்சாரத் தையல் இயந்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். ‘மோட்டார் சரியில்லை’ என்பதால் சில மலிவாகக் கிடைக்கும். அவற்றை வாங்கலாமா? வாங்கலாம். ஆனால், ஓடுகிறதா என்று பார்க்க உடனே பிளக்கைச் செருகக் கூடாது. கீழ்க்காணும் சோதனைகள் அனைத்தையும் பிளக் வெளியே இருக்கும்போதே செய்ய வேண்டும்.

1. சக்கரத்தைச் சுற்றுங்கள்

வலப்பக்கச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி சீராக ஏறி இறங்கினால் இயந்திரப் பகுதி நல்ல நிலையில் இருக்கிறது எனலாம். இறுக்கமாக இருந்தால், பல வேளைகளில் உலர்ந்து பசையான எண்ணெய்தான் காரணம். பல் உடைந்த சக்கரங்களும் காணாமற்போன பாபின் பெட்டியும்தான் பெரிய செலவு. வெளியே பொருத்தி, பெல்ட்டால் ஓடும் மோட்டாரை எளிதில் மாற்றிவிடலாம்.

2. தகட்டைப் படியுங்கள்

மோட்டாரில் உள்ள சிறிய தகட்டில் வோல்ட் அளவு இருக்கும். சிங்கர் நிறுவனம் 1933இல் அறிமுகப்படுத்திய 221 வகை, அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் தயாரானது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், அமெரிக்க இயந்திரம் 110 வோல்ட்டுக்கானது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்.

திறன் = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை. மின்தடை மாறாது என்று கொண்டால், 230 வோல்ட்டில் திறன் (230 ÷ 110)² = சுமார் 4.4 மடங்காகும். 15 வாட் விளக்கில் ஏறத்தாழ 66 வாட் பாயும், விளக்கு எரிந்துபோகும்.

3. வடத்தை வளைத்துப் பாருங்கள்

பழைய ரப்பர் உறை காற்று, வெப்பம், எண்ணெய் ஆகியவற்றால் கெட்டு வெடிக்கும். உள்ளே செம்பு தெரிந்தால் வடத்தை மாற்றியே ஆக வேண்டும். பழைய வடங்கள் பலவற்றில் இரண்டு கம்பிகளே உண்டு. எர்த் கம்பி இராது. கம்பி உலோக உடலைத் தொட்டால், இயந்திரம் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும்.

4. மிதிகட்டையைக் கவனியுங்கள்

பல பழைய மிதிகட்டைகளில் கார்பன் வில்லைகள் அடுக்கப்பட்டிருக்கும். அழுத்த அழுத்த மின்தடை குறையும், மோட்டார் வேகமெடுக்கும். சிலவற்றில் வானொலி இரைச்சலைத் தடுக்கும் மின்தேக்கியும் உண்டு. அது பழுதடைந்து மின்சாரத்தை நேரே கடத்தினால், மிதிக்காமலே இயந்திரம் ஓடத் தொடங்கும்.

5. மல்டிமீட்டரால் அளவிடுங்கள்

பிளக்கின் மின் முனைகள் ஒவ்வொன்றுக்கும் உலோக உடலுக்கும் இடையே மின்தடையை அளவிடுங்கள். குறைந்த ஓம் காட்டினால் மின்கசிவு உண்டு. அதிகம் காட்டினாலும் நம்பிவிடக் கூடாது. மல்டிமீட்டர் சில வோல்ட்டில் அளக்கிறது. மின்பணியாளரின் காப்புச் சோதனைக் கருவி வழக்கமாக 500 வோல்ட்டில் சோதிக்கிறது. உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

ஆக, சக்கரம் நன்றாகச் சுழன்று, மின்பகுதி மட்டும் கெட்டிருந்தால் அது பேரம்பேசி வாங்கத்தக்க இயந்திரம்.

சிந்தித்துப் பாருங்கள்

ஈரமான உடலின் மின்தடை 1000 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டில் உடலில் பாயும் மின்னோட்டம் எவ்வளவு? பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் ஃபியூஸ் அப்போது ஏன் உருகாது?