போனில் வந்த விசாரணை அழைப்பு

கேள்வி: திருட்டு வழக்கில் சந்தேகம் என்று என் தம்பியை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி போனில் அழைக்கிறார்கள். அவன் போய்த்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: போன் அழைப்பு போதாது, சகோதரி. சந்தேக நபரைக் கைது செய்யாமல் விசாரிக்க, பி.என்.எஸ்.எஸ். எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவில் எழுத்துமூலமான நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் சொல்லிவிட்டது. ஆனால் முறையான நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டால் தம்பி கட்டாயம் போகட்டும். போகாவிட்டால் அதையே காரணம் காட்டிக் கைது செய்யலாம்.

தனியாக அனுப்பாதீர்கள். ஒரு வக்கீலோடு போகட்டும். வசதியில்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி கிடைக்கும். பெயர், முகவரி கேட்டால் சொல்லலாம். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்க அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு இடம் தருகிறது. 1978-இல் நந்தினி சத்பதி வழக்கில், இந்த உரிமை காவல் நிலைய விசாரணைக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

முக்கியமானது கையெழுத்து. "சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான்" என்று வெள்ளைத் தாளை நீட்டினால் தம்பி பேனாவைத் தொடவே கூடாது. விசாரணையில் சொன்னதை எழுதிக்கொண்டாலும் அதில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு குற்றத்தை நிரூபிக்கவும் முடியாது. அதன்வழி பொருள் ஏதேனும் கைப்பற்றப்பட்டால், அது தொடர்பான பகுதி மட்டும் சாட்சியமாகும்.

கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடித்திருந்தால் அதை அங்கே மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.