பென் டிரைவிலிருந்து பணிசெயல் முறைமையை நிறுவுதல்: பொருத்தமான மென்பொருளைத் தெரிவுசெய்தல்

க.பொ.த. சாதாரண தரம் – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
அலகு: பணிசெயல் முறைமை



பணிசெயல் முறைமையின் தொழில்களை வரிசையாகச் சொல்லும் பலர், "அது கணினிக்குள் எப்படி வந்தது?" என்று கேட்டால் திகைத்துவிடுவர். முன்னர் இறுவட்டின் மூலம் நிறுவினார்கள். இன்றைய மடிகணினிகள் பலவற்றில் இறுவட்டுச் செலுத்தியே இல்லை. ஆகவே பென் டிரைவ் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதை அறிவதன் பயன் பரீட்சையோடு முடிவதில்லை. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11 இற்கு 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம் ஆகியவற்றுடன் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வன்பொருளும் தேவை. பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. எனினும் அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கட்டற்ற திறந்த மூல மென்பொருளாகிய லினக்ஸ் மின்ட் 2 ஜி.பி. நினைவகத்திலும் இயங்கும், 4 ஜி.பி. இருப்பின் நன்று. எல்கடுவ போன்ற தோட்டப்புறத்தில், வீட்டிலுள்ள ஒரே கணினியைக் காப்பாற்ற இவ்வறிவு உதவும்.

1. வெறுமனே பிரதி செய்தால் போதுமா?

போதாது. மின் வழங்கியதும் பயோஸ் அல்லது அதன் புதிய வடிவமாகிய யூ.ஈ.எப்.ஐ. முதலில் வன்பொருளைச் சோதிக்கும். பின்பு தொடக்க நிரலைத் தேடும். ஐ.எஸ்.ஓ. எனப்படும் விம்பக் கோப்பைச் சாதாரண பென் டிரைவில் பாடல் கோப்பைப் போலப் பிரதி செய்தால், அந்நிரல் கோப்பின் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். கணினி அதனைக் காணாது. விம்பத்தை உரிய முறையில் எழுதித் தருவதே நாம் தெரிவுசெய்யும் மென்பொருளின் பணி.

2. தெரிவுக்கு முன் கேட்க வேண்டிய மூன்று வினாக்கள்

(அ) பென் டிரைவை எந்தக் கணினியில் தயாரிக்கப்போகிறோம்? விண்டோசிலா, லினக்சிலா?
(ஆ) நிறுவப்போவது எது? விண்டோசா, லினக்சா?
(இ) நிறுவப்படும் கணினி பழைய பயோஸ் வகையா, யூ.ஈ.எப்.ஐ. வகையா?

3. முக்கிய மென்பொருள்கள்

ரூபஸ் (2011): விண்டோசில் மட்டும் இயங்கும். விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டின் விம்பங்களையும் எழுதும். பழைய பயோஸ் கணினிக்கு எம்.பி.ஆர். பிரிப்பு முறையையும், யூ.ஈ.எப்.ஐ. கணினிக்கு ஜி.பி.ரி. முறையையும் தெரிவுசெய்யலாம். FAT32 என்பதை எப்.ஏ.ரி.32 என எழுதுவோம். அம்முறையில் ஒரு தனிக்கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. விண்டோஸ் விம்பத்தில் அதைவிடப் பெரிய கோப்பு இருந்தால் ரூபஸ் என்.ரி.எப்.எஸ். முறையைக் கையாளும்.

பலீனா எட்சர்: விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். படிமுறைகள் மிக எளியவை. லினக்ஸ் விம்பங்களுக்கு ஏற்றது. விண்டோஸ் விம்பத்திற்குப் பொருந்தாது.

வென்டோய் (2020): ஒருமுறை நிறுவினால் போதும். பின்பு ஐ.எஸ்.ஓ. கோப்புகளைச் சாதாரணமாகப் பிரதி செய்யலாம். ஒரே பென் டிரைவில் பல விம்பங்களை வைக்கலாம். மீதி இடத்தில் குறிப்புகளையும் வைக்கலாம்.

மீடியா கிரியேசன் டூல்: மைக்ரோசொப்ட் வழங்குவது. விண்டோசை மட்டும் எழுதும். குறைந்தது 8 ஜி.பி. பென் டிரைவ் தேவை. கோப்பைத் தானே பதிவிறக்கும். ஆகவே கைத்தொலைபேசி டேட்டாவை நம்புவோர் முதலில் மீதியைப் பார்த்துக்கொள்க.

4. படிமுறைகள்

(i) பென் டிரைவிலுள்ள கோப்புகளை வேறிடத்தில் பிரதி செய்க.
(ii) விம்பத்தை உரிய இணையத்தளத்திலிருந்தே பதிவிறக்குக. அங்கு தரப்பட்டுள்ள சரிபார்ப்புத் தொகையுடன் ஒப்பிடுக. இடையில் அறுந்த பதிவிறக்கம் நிறுவலை நடுவழியில் நிறுத்திவிடும்.
(iii) சரியான செலுத்தியைத் தெரிவுசெய்து எழுதுக.
(iv) கணினியை மீளத் தொடக்கி, தொடக்கப் பட்டியலில் பென் டிரைவைத் தெரிவுசெய்க. டெல் கணினியில் எப்12, எச்.பி. கணினியில் எப்9 சாவி இதற்கு உதவும்.
(v) லினக்ஸ் எனில், நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். வைபை, ஒலி, திரை சரியாக இருந்தால் மட்டும் நிறுவுக.

நினைவிற் கொள்க: பென் டிரைவைத் தயாரிக்கும்போது அதிலுள்ளவை அழியும். நிறுவும்போது முழு வன்தட்டையும் தெரிவுசெய்தால் அதிலுள்ளவையும் அழியும். இவ்விரண்டும் வெவ்வேறு ஆபத்துகள். அக்காவின் ஒப்படைகளும் வீட்டுப் புகைப்படங்களும் வன்தட்டில்தான் இருக்கும். பிரதி எடுத்த பின்பே நிறுவுக.

5. மாதிரி வினா

நிமலனிடம் விண்டோஸ் மடிகணினி ஒன்றும், 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றும் உள்ளன. அவன் லினக்ஸ் மின்ட், விண்டோஸ் 11 ஆகிய இரண்டின் விம்பங்களையும் அதே பென் டிரைவில் வைத்திருக்க விரும்புகிறான்.

(1) பொருத்தமான மென்பொருள் யாது? காரணம் தருக.
(2) முதலில் செய்ய வேண்டியது யாது?
(3) பென் டிரைவைச் செருகியும் கணினி பழைய முறைமையிலேயே தொடங்குகிறது. காரணம் ஒன்று தருக.

விடைகள்

(1) வென்டோய். பல விம்பங்களை ஒரே பென் டிரைவில் வைக்கலாம்.
(2) பென் டிரைவிலுள்ள கோப்புகளைப் பிரதி எடுத்தல்.
(3) தொடக்க வரிசையில் வன்தட்டு முதலிடத்தில் இருத்தல்.

மென்பொருளின் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். காரணத்தையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமைபெறும்.