பால் கவரில் தொடங்கலாம்: பிள்ளைகளுக்குக் குப்பை பிரிக்கச் சொல்லித்தர 14 குறிப்புகள்

வடலூரில் வளரும் பிள்ளைகள் ஜீவகாருண்யம் என்ற சொல்லைப் பாடப் புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டுவிடுகிறார்கள். வள்ளலார் 1867 மே 23 அன்று தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசி என்று வந்தவர் யாராக இருந்தாலும் அங்கே சோறு உண்டு. இரக்கத்தை இப்படிக் கண்ணால் பார்த்து வளரும் பிள்ளைக்கு, குப்பையை ஏன் பிரிக்க வேண்டும் என்று விளக்குவது கடினமே இல்லை. ஓசோன், புவி வெப்பம் என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். நாம் போடும் குப்பை யார் வாய்க்குப் போகிறது, யார் கையைக் கிழிக்கிறது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

1. முதலில் மாட்டைக் காட்டுங்கள். கடைத்தெருவில் குப்பைமேட்டருகே மாடு நிற்கும்போது பிள்ளையோடு இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். கவரின் முடிச்சை அவிழ்த்துச் சோற்றை மட்டும் தின்ன மாட்டுக்குத் தெரியாது. கவரோடு சேர்த்துத்தான் விழுங்கும். அதன் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. பிளாஸ்டிக் பெரும்பாலும் முதல் அறையிலேயே தங்கிவிடும், செரிக்கவும் செரிக்காது. 2019 அக்டோபரில் சென்னையில் கால்நடை மருத்துவர்கள் ஒரே ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். 52 கிலோ எவ்வளவு என்று பிள்ளைக்குப் புரிய, 25 கிலோ அரிசி மூட்டை இரண்டைக் காட்டுங்கள். பிறகு வீட்டுக்கு ஒரு சட்டம் போடுங்கள்: மீந்த சோறு, காய்கறித் தோல் எதையும் கவரில் முடிச்சுப் போட்டுத் தெருவில் வைக்கக் கூடாது. இந்த ஒரு சட்டத்தைப் பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கறாராகக் காப்பாற்றுவார்கள்.

2. காலையில் குப்பை வண்டி வரும்போது வாளியைப் பிள்ளையே எடுத்துப்போய்க் கொடுக்கட்டும். தூய்மைப் பணியாளரை “அக்கா”, “அண்ணா” என்று கூப்பிடச் சொல்லுங்கள். நாம் பிரிக்காமல் கொட்டினால் அந்த அக்காதான் கையால் கிளற வேண்டும். ஊசிப்போன குழம்பு, டயப்பர், பிளேடு, உடைந்த பாட்டில் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். கையுறை போட்டிருந்தாலும் கண்ணாடி கிழித்துவிடும். யாருக்காகப் பிரிக்கிறோம் என்று முகம் தெரிந்துவிட்டால் பிள்ளை மறக்காது.

3. பிரிப்பது மூன்றாகத்தான். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. மக்குவதற்குப் பச்சை வாளி, மக்காத காய்ந்த குப்பைக்கு நீல வாளி, ஆபத்தானவற்றுக்குத் தனியாக ஒரு டப்பா. புது வாளி வாங்க வேண்டியதில்லை. பழைய பெயின்ட் வாளி போதும். எதில் எதைப் போடுவது என்று பிள்ளையே படம் வரைந்து ஒட்டட்டும். மூன்றையும் ஒரே நாளில் பழக்காதீர்கள். முதலில் காய்ந்த குப்பை. அது கைவந்த பிறகு மற்றவை.

4. தினமும் கையில் வரும் பால் கவர்தான் சிறந்த பாடம். நுனியைத் துண்டாக வெட்டி எறிவது பலருக்கும் வழக்கம். அந்தச் சின்ன முக்கோணத் துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள். அது நேராகச் சாக்கடைக்கும் மண்ணுக்கும் போகும். பாதி வரை வெட்டி, நுனி கவரிலேயே ஒட்டியிருக்கும்படி பால் ஊற்றச் சொல்லிக்கொடுங்கள். பிறகு கவரை முழுதாகத் திறந்து, பாத்திரம் கழுவும் கடைசித் தண்ணீரில் அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காயவிட வேண்டும். அலசாத கவர் மறுநாளே நாறும், எறும்பு மொய்க்கும், பழைய சாமான் கடைக்காரரும் முகம் சுளிப்பார். காய்ந்ததை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைப்பது ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற வேலை. எண்ணெய்க் கவரையும் இப்படியே செய்யலாம். ஆனால் முதலில் உட்புறத்தை வெளியே திருப்பிப் பழைய பேப்பரால் துடைத்துவிட வேண்டும்.

5. பாட்டில், டப்பாக்களின் அடியில் சிறு முக்கோணமும் உள்ளே ஒரு எண்ணும் இருக்கும். பிள்ளைகளை அதைத் தேடவிடுங்கள், விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள். தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் 1. ஷாம்பு, பினாயில் டப்பா பெரும்பாலும் 2. மெல்லிய கவர் வகை 4. ஓட்டல் பார்சல் டப்பா பெரும்பாலும் 5. தெர்மாகோல் 6. 1, 2, 5 எண்களுக்குப் பழைய சாமான் கடையில் சுலபமாக விலை கிடைக்கும். 6-ஐ வாங்க ஆள் கிடைப்பது அரிது. இது தெரிந்த பிள்ளை பிறந்தநாளுக்குத் தெர்மாகோல் அலங்காரம் கேட்காது, காகிதத் தோரணம் கேட்கும்.

6. ‘மக்கும், மக்காது’ என்று வாயால் சொல்வதைவிடப் புதைத்துக் காட்டுவது மேல். நான்கு சிரட்டைகளிலோ பழைய தொட்டிகளிலோ மண் நிரப்பி, ஒன்றில் வாழைப்பழத் தோல், ஒன்றில் நோட்டுக் காகிதம், ஒன்றில் பிஸ்கட் கவர், ஒன்றில் நைலான் கயிற்றுத் துண்டு புதையுங்கள். மேலே பெயர் எழுதி ஒரு குச்சி. தினமும் கொஞ்சம் தண்ணீர். ஒரு மாதம் கழித்துத் தோண்டினால் தோல் மண்ணோடு மண்ணாகியிருக்கும், காகிதம் நைந்திருக்கும், மற்ற இரண்டும் கழுவினால் புதிது போலவே இருக்கும்.

7. ஒரு மண்பானையின் பக்கவாட்டில் துளைகள் போட்டு உரம் செய்யுங்கள். அடியில் தேங்காய் நார், அதன்மேல் ஒரு பங்கு சமையலறைக் கழிவு, அதை மூடும்படி காய்ந்த சருகு, இப்படி மாற்றி மாற்றி. வாரம் ஒருமுறை புளித்த மோர் கொஞ்சம் தெளித்துக் கிளறிவிட்டால் நம் வெயிலுக்கு இரண்டு மாதத்தில் உரமாகிவிடும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள், சருகைக் கூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பானையைத் திண்ணைக்கு நகர்த்திவிட வேண்டும். பண்ருட்டிப் பலா வரும் கோடையில் சக்கையும் மடலும் பானைக்குள் அடங்காது. அதைப் பக்கத்தில் மாடு வைத்திருப்பவருக்குக் கொடுத்தால் மாடு ஆசையாகத் தின்னும். முந்திரிக் கொட்டை ஓட்டை மட்டும் பிள்ளைகள் கையால் தொடவே விடாதீர்கள். அதன் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்புளம் கிளம்பும்.

8. காகிதம் என்றால் காய்ந்த, எண்ணெய் படாத காகிதம். பஜ்ஜி மடித்த பேப்பரும் கை துடைத்த டிஷ்யூவும் உரப்பானைக்கு. ஏ.டி.எம். சீட்டு, வழுவழுப்பான கடை பில் இரண்டும் பழைய பேப்பரோடு சேராது. கரூர் மாவட்டம் காகிதபுரத்திலுள்ள டி.என்.பி.எல். ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. பழைய காகிதத்தை மை நீக்கிக் கூழாக்கும் பிரிவும் அங்கே உண்டு. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு லாரி போகும்போது இதைச் சொன்னால் பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள். நோட்டில் மிச்சமிருக்கும் வெள்ளைத் தாள்களைக் கிழித்துத் தைத்து ரஃப் நோட்டாக்குவது ஆண்டுத் தேர்வு முடிந்த வாரத்தின் வேலை.

9. மாதம் ஒருமுறை பிள்ளையைக் காயலான் கடைக்குக் கூட்டிப் போங்கள். எல்லாப் பாடத்தையும்விட இது பெரிய பாடம். தராசில் என்ன ஏறுகிறது, எதற்குக் கூடுதல் விலை, எதை அவர் ஓரமாகத் தள்ளுகிறார் என்று பிள்ளையே பார்க்கட்டும். அலுமினியத்துக்கு ஏன் அவ்வளவு விலை என்று கேட்டால் சொல்லுங்கள்: தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும், பழையதை உருக்கி மறுபடி செய்ய. கிடைக்கும் பணத்தைப் பிள்ளையின் உண்டியலிலேயே போடுங்கள். வீட்டுச் செலவில் சேர்த்துவிட்டால் அடுத்த மாதம் ஆர்வம் போய்விடும்.

10. கண்ணாடி பாட்டிலோடு உடைந்த பீங்கானைச் சேர்க்கக் கூடாது. பீங்கான் ஆலைகள் நடந்த வடலூரில் இதைச் சொல்லித்தருவது பொருத்தமும்கூட. கண்ணாடி உருகும் சூட்டில் பீங்கான் உருகாது. ஒரு கோப்பைத் துண்டு விழுந்தாலும் உருக்கிய கண்ணாடி பாழ். உடைந்த பீங்கானைப் பூந்தொட்டியின் அடியில் போட்டுவைக்கலாம். அதைப் பெரியவர்கள்தான் போட வேண்டும்.

11. பிள்ளைகள் தொடக் கூடாதவை: உடைந்த டியூப்லைட், சி.எஃப்.எல். பல்பு (உள்ளே பாதரசம்), ஊசி, பிளேடு, உப்பிய பேட்டரி, காலாவதியான மாத்திரை. இவை பெரியவர்கள் பொறுப்பு. நாப்கின், டயப்பரைக் காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். பருவமடைந்த பெண் பிள்ளைக்கு மட்டும் இல்லாமல், பையனுக்கும் அந்தக் குறி என்னவென்று தெரிந்திருக்கட்டும்.

12. எரிக்காதீர்கள். போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரித்த புகையை முதலில் சுவாசிப்பது சுற்றி நின்று கொட்டடிக்கும் பிள்ளைகள்தான். பழைய பாயையும் துடைப்பத்தையும்கூட எரிப்பதற்குப் பதில் உரக்குழியில் போடலாம். பழைய குறிஞ்சிப்பாடிக் கைலி பிடிதுணியாகும், பையாகும், மிதியடியாகும்.

13. விற்கவும் முடியாத, மக்கவும் செய்யாத பொருள்கள் உண்டு. சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், ஷாம்பு சாஷே. பளபளப்பான படலமும் பிளாஸ்டிக்கும் ஒட்டியிருப்பதால் பிரித்தெடுக்க முடிவதில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கழிவு பிளாஸ்டிக்கைத் துண்டாக்கி, சூடான ஜல்லியில் உருக்கிப் பூசித் தாரோடு கலந்து சாலை போடும் முறையைக் கண்டார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சிமென்ட் ஆலைகளும் கழிவு பிளாஸ்டிக்கை எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. இரண்டுக்கும் குப்பை பிரிந்து, காய்ந்து போக வேண்டும். ஆனாலும் இந்த வகையை வாங்காமல் குறைப்பதே மேல். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில், துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. கடைக்குப் போகும் பிள்ளையின் சைக்கிள் ஹேண்டிலில் ஒரு மஞ்சப்பை எப்போதும் தொங்கட்டும். பரோட்டா சால்னாவுக்குத் தூக்குவாளி. பிச்சாவரம் படகுக்குப் போனால் பைக்குள் ஒரு காலிப் பை. தின்ற கவரெல்லாம் அதில் வீட்டுக்கே திரும்பி வரட்டும். தைப்பூசத்துக்கு ஏழு திரை விலகும் ஜோதியைப் பார்க்கப் போகும்போது ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கொண்டுபோனால், அன்னதானப் பந்தலில் அத்தனை கப்பும் தட்டும் மிச்சம்.

14. என்றாவது பிள்ளை கேட்கும்: “அம்மா, நாம பிரிச்சுத்தானே குடுக்குறோம்? வண்டியில எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டுறாங்களே!” பல ஊர்களில் இது நடக்கிறது. மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். மக்குவது நம் பானையிலேயே தங்கிவிட்டது. விற்பது காயலான் கடைக்குப் போய்விட்டது. ஆகவே வண்டிக்கு நாம் கொடுப்பது கைப்பிடி அளவுதான், அதில் யார் கையும் கிழியாது. அதோடு நிறுத்தாதீர்கள். வண்டியில் இரண்டு தடுப்பு வேண்டும் என்று பிள்ளையையே ஒரு மனு எழுதச் சொல்லி, தெருவில் நான்கு வீட்டுக் கையெழுத்தும் வாங்கி, உங்கள் வார்டு கவுன்சிலரிடம் பிள்ளை கையாலேயே கொடுக்க வையுங்கள். பதில் வரும் வரை மாதம் ஒருமுறை போய்க் கேளுங்கள்.