கடலடியில் கண்ட சுறா

சுறா என்னும் மீன் தமிழ் நூல்களுக்குப் புதியது அன்று. அதனைச் ‘சுறவு’ என வழங்கிய பண்டைப் புலவர்கள், பரதவர் விரித்த வலையையும் கிழித்துச் செல்லும் அதன் வலிமையைப் பாடினர். ஆயினும், கடலுக்குள் அம்மீன் எவ்வாறு வாழ்கிறது, எதனை உண்கிறது, எதனைக் கண்டு விலகுகிறது என்பனவற்றை உலக மக்கள் நெடுங்காலம் தெளிவாக அறிந்திலர். அறியாமை அச்சத்தை வளர்த்தது. அச்சம் பகையை வளர்த்தது. சுறா என்றாலே மனிதரை விழுங்கும் கொடிய உயிர் என்னும் எண்ணம் வேரூன்றியது. அவ்வெண்ணத்தை மாற்றியவர்களுள் சிறந்தோர், நிழற்படக் கருவியைக் கையில் ஏந்திக் கடலுள் மூழ்கிய சிலரே ஆவர்.

தரையில் வாழும் சிங்கத்தையும் யானையையும் தொலைவில் நின்றே படம் பிடிக்கலாம். நீருள் அவ்வாறு செய்தல் இயலாது. எத்துணைத் தெளிந்த நீராயினும் அதில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறச் செய்யும். செந்நிறம் சில பாக ஆழத்திலேயே மங்கி மறையும். அதற்குக் கீழே எல்லாப் பொருள்களும் நீலம் பூசியனபோலத் தோன்றும். ஆகவே, செயற்கை விளக்கைத் துணைக்கொண்டு, சில முழத் தொலைவு வரையில் நெருங்கினாலன்றி நல்ல படம் கிடைக்காது. சுறாவைப் படம் பிடிக்க விரும்புவோன் சுறாவின் அருகிலேயே செல்லுதல் வேண்டும்!

அங்ஙனம் செல்வோனுக்குத் துணிவு மட்டும் போதாது. அவ்வுயிரின் குறிப்பறியும் அறிவும் வேண்டும். பவளத் திட்டுகளில் வாழும் சாம்பல் நிறச் சுறா ஒன்று, தன் முதுகை வளைத்து, மார்புத் துடுப்புகளைத் தாழ்த்தி, உடலைத் திருகித் திருகி நீந்துமாயின், ‘விலகிச் செல்’ என்று அது கூறுவதாகக் கொள்ளவேண்டும். அக்குறிப்பை உணர்ந்து மெல்லப் பின்வாங்குவோன் பிழைப்பான். உணராது நெருங்குவோன் கடிபடுவான். கொம்பன் சுறாவோ, அகன்ற தலையின் இரு முனைகளிலும் கண்களை உடையது. தோற்றத்தால் அச்சுறுத்தும் அது, மூழ்குவோனின் மூச்சிலிருந்து எழும் நீர்க்குமிழிகளைக் கண்டே பெரும்பாலும் அஞ்சி அகலும். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சுறா இனங்களுள் ஒவ்வொன்றற்கும் தனித்தனி இயல்பு உண்டு.

இத்துறையில் வழிகாட்டியாக விளங்கியவருள் ஒருவர், 1919-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் பிறந்த ஹான்ஸ் ஹாஸ் என்பவர். அவர் தம் இளமையில், 1939-ஆம் ஆண்டில், நண்பர் இருவருடன் கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவுக்குச் சென்றார். அங்கே நீருள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் சுறா ஒன்று அவரை நோக்கி விரைந்து வந்தது. தப்ப வழியின்றித் தம்மை மறந்து அவர் நீருக்குள்ளேயே கூச்சலிட்டார். வந்த சுறா திடுக்கிட்டுத் திரும்பி ஓடிவிட்டது. எல்லாச் சுறாக்களும் கூச்சலுக்கு அஞ்சும் என்று கொள்ளலாகாது. எனினும், சுறாவுக்கும் அச்சம் உண்டு என்னும் உண்மையை அவர் அன்று கண்டுகொண்டார். பின்னர் 1950-ஆம் ஆண்டில் செங்கடலில், மீன்களுள் மிகப் பெரியதாகிய திமிங்கிலச் சுறாவை நீருள் கண்டு படம் பிடித்தார். நாற்பது அடிக்கு மேலும் வளரவல்ல அம்மீன், மிதக்கும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையுமே வடித்து உண்டு வாழ்கிறது. பெருமையிற் பெரியது, பசியிற் சாதுவாய் இருந்தது!

எல்லாச் சுறாவும் அத்தகைய சாது அல்ல. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராட்னி ஃபாக்ஸ் என்பவர், 1963-ஆம் ஆண்டில், ஈட்டிகொண்டு மீன் வேட்டையாடும் போட்டி ஒன்றில் ஈடுபட்டிருந்தபோது வெள்ளைச் சுறா அவரைக் கவ்வியது. விலா எலும்புகள் முறிந்தன, நுரையீரல் புண்பட்டது, நூற்றுக்கணக்கான தையல்கள் இடப்பட்டன. அரிதின் உயிர் பிழைத்த அவர் பழிவாங்கக் கிளம்பவில்லை. தம்மைத் தாக்கிய உயிரை அறியவே விரும்பினார். அடிலெய்டு நகர விலங்குக் காட்சிச்சாலையில் கூண்டுக்குள் இருந்த சிங்கத்தைக் கண்ட அவர்க்கு ஒரு கருத்துத் தோன்றியது: சிங்கத்திற்குப் பதிலாக மனிதன் கூண்டுக்குள் இருந்து, வெளியே உலவும் சுறாவைக் கண்டால் என்ன? அவ்வாறே இரும்புக் கூண்டு அமைக்கப்பட்டது. அதனுள் இருந்து பலர் வெள்ளைச் சுறாவைக் கண்டனர், படம் பிடித்தனர். கடியுண்டவரே பிற்காலத்தில் அம்மீனுக்காகப் பரிந்து பேசலானார்.

அவருடைய நண்பர் ரான் டெய்லரும், ரானின் மனைவியார் வேலரியும் இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர்கள். இருவரும் முதலில் மீன் வேட்டையில் வல்லவர்களாக விளங்கினர். 1965-ஆம் ஆண்டில் ரான் உலகப் போட்டியிலேயே முதன்மை பெற்றார். ஆயினும், கொல்வதில் அவர்கள் மனம் நிறைவு பெறவில்லை. ஈட்டியை வைத்துவிட்டு நிழற்படக் கருவியை எடுத்தனர். 1969-ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்க நாட்டின் டர்பன் நகரத்துக்கு அப்பால் உள்ள கடலில், செத்த திமிங்கிலம் ஒன்றைச் சூழ்ந்து எண்ணற்ற சுறாக்கள் தின்றுகொண்டிருந்தன. அவ்விருவரும் தோழர் இருவரும் கூண்டின் கதவைத் திறந்துகொண்டு அக்கூட்டத்தினிடையே நீந்தினர். முட்டிவந்த சுறாக்களைக் கருவியாலும் கையாலும் தள்ளிவிட்டுப் படம் எடுத்தனர். ஒருவரும் கடிபடவில்லை. இச்செயல் பிறர் பின்பற்றத்தக்கது அன்று; பல்லாண்டுப் பழக்கம் உடையோர் துணிந்து செய்தது. எனினும், மனிதரைக் கண்டவுடன் பாய்ந்து கொல்வதே சுறாவின் தொழில் என்னும் கதையை அப்படங்கள் பொய்யாக்கின.

அவர்கள் செய்த மற்றொரு தொண்டு இதனினும் பெரியது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ‘சாம்பல் செவிலிச் சுறா’ என்னும் ஓர் இனம் உண்டு. அதன் பற்கள் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அக்கோரத் தோற்றத்தைக் கண்ட மக்கள், மனிதரைக் கொன்றது இதுவே என முடிவு கட்டினர். வெடிமுனை பொருத்திய கோல்களால் வேட்டைக்காரர்கள் அதனைக் குவியல் குவியலாகக் கொன்றனர். அதுவோ தன் வழியே அமைதியாக நீந்தும் உயிர். தாயின் வயிற்றிலேயே வலிய குட்டிகள் ஏனையவற்றை உண்டுவிடுவதால், இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு குட்டிகளே பெரும்பாலும் பிறக்கும். இத்தகைய இனம் அழிவைத் தாங்குமோ? டெய்லர் தம்பதியர் தாம் எடுத்த படங்களைச் சான்றாகக் காட்டி, அதன் குற்றமின்மையை எடுத்துரைத்தனர். 1984-ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்சு மாநிலம் அதனைக் கொல்லலாகாது எனச் சட்டம் செய்தது. உலகிலேயே சட்டத்தின் காவலைப் பெற்ற முதற் சுறா அதுவே என்பர். ஆயினும், இழந்த தொகை இன்னும் மீளவில்லை. ஆராயாது செய்த தீர்ப்பைத் திருத்தலாம். அத்தீர்ப்பால் மாண்ட உயிரை மீட்டல் இயலுமோ?

இன்று நிழற்படம் மற்றொரு பணியும் செய்கிறது. திமிங்கிலச் சுறாவின் உடலில் விண்மீன்கள்போல வெண்புள்ளிகள் பரவியுள்ளன. மனிதரின் கைரேகைபோல, ஒன்றன் புள்ளியமைப்பு மற்றொன்றிற்கு இராது. வானநூலார் விண்மீன் கூட்டங்களை ஒப்பிட வகுத்த கணக்குமுறையைக் கொண்டே, அப்புள்ளிகளை ஒப்பிட்டு ஒவ்வொரு மீனையும் இனங்காணும் வழியை 2005-ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்டனர். கடலில் நீந்துவோர் எடுத்து அனுப்பும் படமும் இவ்வாராய்ச்சிக்குத் துணை புரிகிறது. மீனைப் பிடியாமலும் புண்படுத்தாமலும் அதன் போக்கும் வரவும் அறியப்படுகின்றன. நம் நாட்டிலும் 2001-ஆம் ஆண்டு முதல் திமிங்கிலச் சுறாவைப் பிடித்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது.

உலகெங்கும் ஓராண்டில் சுறாவால் இறக்கும் மக்கள் பெரும்பாலும் பத்துப் பேர் அளவினரே. மனிதரால் இறக்கும் சுறாக்களோ பல கோடி. இவ்விரண்டையும் எண்ணிப் பார்க்குமிடத்து, எவர் எவருக்கு அஞ்சவேண்டும் என்பது விளங்கும். கடலில் இறங்குவோன் சுறாவிடத்து எச்சரிக்கையாக இருத்தல் அறிவுடைமை. ஆனால், முகத்தைக் கண்டே ஓர் உயிரின் மேல் பழி சுமத்துதல் அறிவுடைமை ஆகாது. அருகில் சென்று, பொறுமையோடு நோக்கி, உண்மை உணர்ந்த பின்னரே தீர்ப்புக் கூறுதல் வேண்டும். கடலடியில் சுறாவைக் கண்டவர்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே. இது மீனுக்கு மட்டுமன்று; மனிதர்க்கும் பொருந்தும் அன்றோ!