எதிர் மாடியில் அலைக்கம்பம்: மின்காந்தப் புலமும் மூத்தோர் நலமும்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் ஜன்னலைத் திறந்தால், எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடியில் கைப்பேசி அலைக்கம்பங்கள் தெரிகின்றன. கொமுட்டர் ரயில் 25,000 வோல்ட் மின்கம்பியில் ஓடுகிறது. கிள்ளான், காப்பார் பக்கம் போனால், மின் நிலையங்களிலிருந்து வரும் உயர் அழுத்தக் கம்பிகள் வீடமைப்புப் பகுதிகளின் ஓரமாகவே செல்கின்றன. "இதனால்தான் தலை சுற்றுகிறதோ? இதனால்தான் இரவில் தூக்கம் வரவில்லையோ?" என்று உங்களுக்கும் ஒரு நாள் தோன்றியிருக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை இங்கே பார்ப்போம்.

எக்ஸ்ரே வேறு, கைப்பேசி வேறு

கதிர்வீச்சு என்ற ஒரே சொல்லைப் பல பொருள்களுக்குப் பயன்படுத்துவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. எக்ஸ்ரே போன்றவை உடல் உயிரணுவின் மரபுப்பொருளைச் சிதைக்கும் அளவு ஆற்றல் கொண்டவை. கைப்பேசி, வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு, வீட்டு மின்சாரம் ஆகியவற்றின் அலைகளுக்கு அந்த ஆற்றல் இல்லை. கைப்பேசி போன்றவற்றின் அலை மிகப் பலமாக இருந்தால் உடல் திசுவைச் சூடாக்கும். மின்கம்பியின் புலம் மிகப் பலமாக இருந்தால் நரம்பைத் தூண்டும். அனைத்துலக வரம்புகள் இந்த விளைவுகள் தொடங்கும் அளவுக்கு வெகு கீழே வைக்கப்பட்டுள்ளன.

மின்சாரத்தால் உண்டாகும் காந்தப் புலத்தை மைக்ரோடெஸ்லா என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். 1998-இல் பொதுமக்களுக்கு 100 மைக்ரோடெஸ்லா என்று வரம்பு வைத்தார்கள். 2010-இல் அதை 200 ஆக்கினார்கள். உயர் அழுத்தக் கம்பிக்கு நேர் கீழே நின்றாலும் ஏறக்குறைய 20 வரைதான் இருக்கும். 50 முதல் 100 மீட்டர் தள்ளிப் போனால், கம்பியே இல்லாத இடத்தில் இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடும். காலையில் முகத்தருகே பிடிக்கும் மின்சார சவரக் கருவியைப் பாருங்கள்: 3 சென்டிமீட்டர் தூரத்தில் அதன் அளவு, கருவியைப் பொறுத்து, 15 முதல் 1,500 வரை இருக்கும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் அநேகமாக ஒன்றுமே இல்லை. அதுவும் சில நிமிடப் பயன்பாடுதான். பெரிதாகத் தெரியும் கம்பியைக் கண்டு பயப்படுகிறோம். கையில் இருக்கும் சிறு கருவியை நினைப்பதில்லை. இங்கே தூரம்தான் முக்கியம்.

கைப்பேசிக் கோபுரங்களுக்கு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் கட்டாயத் தர அளவு விதித்திருக்கிறது. கோபுரங்களைச் சுற்றிப் பொதுமக்கள் நடமாடும் இடங்களில் அலையின் அளவு, அனைத்துலக வரம்பில் 0.002 முதல் 2 விழுக்காடு வரைதான் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் தெரிவித்தது.

புற்றுநோய் வருமா?

அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2002-இல் மின்கம்பியின் காந்தப் புலத்தையும், 2011-இல் கைப்பேசி அலைகளையும் '2பி' என்ற பிரிவில் சேர்த்தது. காரணமாக இருக்கக்கூடும், ஆனால் சான்று போதாது என்பது இதன் பொருள். கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. வீட்டில் காந்தப் புலம் சராசரியாக 0.3 அல்லது 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் நீடித்த குடும்பங்களில், குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் சற்று அதிகமாகக் காணப்பட்டதாகச் சில ஆய்வுகள் கூறின. காந்தப் புலம்தான் அதற்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆய்வுக்கூடச் சோதனைகளும் அதற்குத் துணை நிற்கவில்லை. அத்தகைய வீடுகளும் மிகச் சிலவே. கைப்பேசியைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனத்தின் கோரிக்கையின் பேரில் 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2024-இல் வெளியிட்ட அறிக்கை, பத்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடவில்லை என்றது.

தலைசுற்றலும் தூக்கமின்மையும்

அந்தத் தொல்லை பொய்யல்ல. ஆனால் அலை இருக்கிறதா, இல்லையா என்று சொல்லாமல் வைத்துப் பார்த்த சோதனைகளில், தமக்கு அலை ஒத்துக்கொள்ளவில்லை என்றவர்களால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எனவே வேறு காரணத்தைத் தேட வேண்டும். இரத்த அழுத்தம், அதற்கான மாத்திரை, சோகை, இனிப்பு நீர், காது நோய், மனக்கவலை என எதுவாகவும் இருக்கலாம். 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். கால் மரத்துப் போவதற்குக் கோபுரத்தைக் குறை சொல்லிக்கொண்டு ஓர் ஆண்டு கழித்தால், அந்த ஓர் ஆண்டும் சர்க்கரை உங்கள் நரம்பைத் தின்றுகொண்டிருக்கும்.

அலையைத் தடுக்கும் என்று விற்கும் பதக்கம், ஸ்டிக்கர், கைவளை எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 10 பொருள்களைச் சோதித்தது. 5ஜி அலையிலிருந்து காக்கும் என்று விற்கப்பட்டவையும் அவற்றில் இருந்தன. அவையே கதிரியக்கம் வெளியிடுவது தெரிந்தது. அதுவும் எக்ஸ்ரே போல உயிரணுவைச் சிதைக்கும் வகை. காசையும் வாங்கிக்கொண்டு, இல்லாத ஆபத்தைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால்

இங்கேதான் உண்மையான கவனம் தேவை. நம் பெரியவர்கள் பலருக்குக் கைப்பேசி இருக்குமிடம் இடது சட்டைப் பை. பேஸ்மேக்கரும் பெரும்பாலும் இடது மார்பின் மேற்புறம்தான். கைப்பேசியையும் காந்தம் வைத்த அதன் உறையையும் பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு அப்பால், கால்சட்டைப் பையில் வையுங்கள். வேட்டி கட்டினால் துணிப்பையில் வையுங்கள். பேசும்போது வலது காதில் பிடியுங்கள். கம்பியில்லாமல் சார்ஜ் ஏற்றும் தட்டு 30 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். இண்டக்ஷன் அடுப்பில் சமைக்கும்போது உங்கள் நெஞ்சுக்கும் அடுப்புக்கும் இடையே 60 சென்டிமீட்டர் வேண்டும். குனிந்து கிளற வேண்டாம். காந்த மெத்தை, காந்த மாலை வேண்டவே வேண்டாம். விமான நிலையச் சோதனை வாசலில் நிற்காமல் நடந்து செல்லுங்கள். பேஸ்மேக்கர் அட்டையைக் கையில் வைத்திருங்கள். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், முதலில் பேஸ்மேக்கர் இருப்பதைச் சொல்லுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு, மிக்சி, தொலைக்காட்சி, வைஃபை ஆகியவற்றை வழக்கம்போலப் பயன்படுத்தலாம்.

மின்கம்பியைப் பற்றி இன்னொன்று. அதன் புலத்தைவிட அதைத் தொடுவதுதான் ஆளைக் கொல்லும். கொல்லைப்புற மாமரத்திலோ முருங்கை மரத்திலோ காய் பறிக்க நீண்ட இரும்புக் கம்பையோ அலுமினியக் கம்பையோ தூக்கும் முன் மேலே பாருங்கள். உயர் அழுத்தக் கம்பியைத் தொடத் தேவையில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயும். கம்பி அறுந்து கீழே கிடந்தால் கிட்டே போகாமல் தெனாகா நேஷனலின் 15454 எண்ணை அழையுங்கள். யாருக்காவது மின்சாரம் தாக்கியிருந்தால் 999.

தலைசுற்றலோ தூக்கமின்மையோ தொடர்ந்தால், எந்த நேரத்தில் வருகிறது, என்ன மாத்திரை சாப்பிட்ட பிறகு வருகிறது என்று ஒரு வாரம் தாளில் குறித்து வையுங்கள். அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளையும் மாத்திரைப் பையையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.