குழுவாக வயல் பார்க்கும் பேத்திக்கு

தேரூர்

அன்புள்ள மக்களே,

வேளாண் கல்லூரியில் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்த உங்கள் குழுவுக்கு வயல் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். விதை நேர்த்தி முதல் அறுவடை வரை நீங்களே செய்து, ஆளுக்கு எவ்வளவு, குழுவுக்கு எவ்வளவு என்று வரவு செலவும் காட்ட வேண்டும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. நல்ல ஏற்பாடு. மார்க்குக்காக மட்டும் அதைச் செய்துவிடாதே.

பயிர் செய்வது வேறு, பண்ணை நடத்துவது வேறு. எந்த வேலையை யார், எப்போது செய்வது என்று முடிவெடுத்து, அதற்குப் பதிலும் சொல்வதுதான் நடத்துவது. நம் ஊரில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை நம்பித்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகமும். மேல்மடைக்காரர் நேரத்துக்கு மடையை அடைத்தால்தான் கடைமடை நனையும். 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்ட வயலை ஒருவரும் பார்ப்பதில்லை. ஆகவே முறை வைத்துப் பெயர் எழுதி ஒட்டுங்கள். கதிர் பூத்துப் பால் பிடிக்கும் சமயத்தில் வயல் காயக் கூடாது. பண்டிகை விடுமுறை என்று எல்லோரும் ஒருசேர ஊருக்குக் கிளம்பாதீர்கள்.

உன் முறை வரும்போது வயலுக்குள் இறங்கு. வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் தெரியும். தூரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார். புகையான் பூச்சி அங்கேதான் கூட்டமாக ஒட்டியிருக்கும். பண்ணையில் நடவு நடும் அக்காமாரிடம் கேட்டுப் படி. அவர்கள் கை அறிந்த பல விஷயங்கள் புத்தகத்தில் இருக்காது.

கணக்கு எழுதும்போது உங்கள் உழைப்புக்கும் கூலி போடுங்கள். அதை விட்டுவிட்டுக் காட்டும் லாபம் பொய் லாபம். நம் நாஞ்சில் நாட்டு வயல்கள் பல தென்னையாகவும் வாழையாகவும் வீட்டுமனையாகவும் மாறியதற்கு, நெல் கட்டுபடியாகாததும் ஒரு காரணம். எங்கே கட்டவில்லை என்று ரூபாய்க் கணக்கில் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இந்த மண்ணுக்கு வேண்டும்.

உங்களுடையதைப் போல மாணவர் பண்ணை ஒன்று, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1977-ல் தொடங்கி இன்றும் நடக்கிறது. மாணவர்கள் சில ஆண்டுகளில் படித்து முடித்துப் போய்விடுவார்கள். நிலம் அங்கேயே இருக்கும். அடுத்து வருபவர்களிடம் பொறுப்பை ஒழுங்காக ஒப்படைத்தால்தான் அப்படிப்பட்ட பண்ணை நிலைக்கும். எந்த மூலையில் தண்ணீர் தங்காது, எந்த ரகம் சாய்ந்தது, எந்த வாரம் பூச்சி வந்தது என்பதை நோட்டில் எழுதி ஜூனியர்களிடம் கொடுங்கள்.

அறுவடை முடிந்து வரும்போது அந்த நோட்டுக்கும் கணக்குக்கும் ஒரு நகல் கொண்டு வா. டி.பி.எஸ். நெல் ரகங்களை உருவாக்கிய திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்துக்கு உன்னை அழைத்துப் போகிறேன். அங்குள்ளவர்களிடம் உன் கணக்கைக் காட்டி, கேட்க வேண்டியதைத் தயங்காமல் கேள்.

இப்படிக்கு,
உன் பாட்டா