உயரம் குறைந்தால் கூடைப்பந்து கூடாதா?

"டாக்டர், பையன் காலேஜ் கூடைப்பந்து டீமில் சேரணும்னு துடிக்கிறான். உயரம்தான் பத்தலை. உயரமா வளர லேகியம் ஏதாவது இருக்கா?"

சித்த மருத்துவர்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லை. எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால், அதன்பின் லேகியமோ பவுடரோ மாத்திரையோ எலும்பை நீட்டாது. பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 16 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு 18, 19 வயதுக்குள்ளும் இது மூடிவிடுகிறது. விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

அப்படியானால் பையன் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா? அவசரப்படாதீர்கள். எந்த உடல்வாகு எந்தத் திறமைக்கு உதவுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பத்தடி உயரக் கூடை

1891ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் பீச் பழக்கூடைகளை மாட்டினார். அந்தக் கைப்பிடி இருந்த உயரம் 10 அடி. இன்றைக்கும் அதே 10 அடிதான். அதனால் கூடைக்கு அருகே பந்தைப் பிடிப்பதற்கும், எதிராளியின் பந்தைத் தடுப்பதற்கும் உயரம் உதவும் என்பது உண்மை. ஆனால் ஆட்டம் அத்தோடு முடிந்துவிடுகிறதா?

மூவகை உடல்

வாத உடல், பித்த உடல், கப உடல் என்று சித்த மருத்துவம் பிரித்துச் சொல்கிறது. 1940ல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டனும் மூன்றாகப் பிரித்தார்: கொழுப்பு மிகுந்தது, தசை மிகுந்தது, ஒல்லியாக நீண்டது. உடலை வைத்தே குணத்தையும் சொல்லலாம் என்றார் அவர். அதை அறிவியல் ஒதுக்கிவிட்டது. ஆனால் உடலமைப்பை மூன்று எண்களால் குறிக்கும் முறை மட்டும் நிலைத்தது. தோல் மடிப்பு, எலும்பு அகலம், கை கால் சுற்றளவு ஆகியவற்றை வைத்துக் கணக்கிடும்படி ஹீத், கார்ட்டர் என்ற இருவர் 1967ல் அதைத் திருத்தி அமைத்தார்கள். நம் முறையும் இதுவும் ஒன்றல்ல. நாம் நாடி, பசி, தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறோம். ஆனாலும் யாருமே முழுக்க ஒரே வகை இல்லை, எல்லோரும் கலப்புதான் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

எதற்கு எது?

நீண்ட கை உள்ளவருக்குப் பந்தைப் பறிப்பதும் தடுப்பதும் எளிது. கனத்த, உறுதியான உடம்புக்காரர் கூடைக்கு அடியில் இடம் பிடித்து நிற்பார். குட்டையானவர் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும்போது பந்து தாழ்வாக எழும்பும். எதிராளியால் சுலபமாகப் பறிக்க முடியாது. எகிறிக் குதிப்பதற்கோ தொடைத் தசை வேண்டும். வேண்டாத கொழுப்பு அங்கே வெறும் சுமைதான்.

ஆனால் குறி பார்த்து எறிவது பயிற்சியால் வருவது. கூடையின் வாய் 45 செ.மீ., பந்தின் குறுக்களவு சுமார் 24 செ.மீ. பந்து வளைந்து மேலிருந்து இறங்கினால் வாய் அகலமாகக் கிடைக்கும். தட்டையாகப் போனால் ஒடுங்கிவிடும். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஷகீல் ஓ'நீல் 7 அடி 1 அங்குலம். ஆனால் தொழில்முறை ஆட்டத்தில் யாரும் தடுக்காமல் எறியும் 'ஃப்ரீ த்ரோ'வில், நூற்றுக்கு 53 அளவில்தான் அவருக்குக் கூடையில் விழுந்தது. சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் ஆடிய ஸ்டீவ் நாஷ் 6 அடி 3 அங்குலம். அவருக்கு விழுந்தது நூற்றுக்கு 90!

வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மக்சி போக்ஸின் உயரம் எவ்வளவு தெரியுமா? 5 அடி 3 அங்குலம்தான்! 1987 தொடங்கி 14 சீசன் உலகின் மிகப் பெரிய தொழில்முறைப் போட்டியில் ஆடினார்.

வீட்டிலேயே பாருங்கள்

1. சுவரில் சாய்ந்து இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்து உயரத்தோடு ஒப்பிடுங்கள். பலருக்கும் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும். கை கூடுதலாக நீண்டிருந்தால் தடுப்பாட்டத்துக்கு லாபம்.
2. கையை உயர்த்தி எட்டும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். பிறகு எகிறிக் குதித்து ஒரு கோடு. இடைவெளிதான் உங்கள் குதிப்பு. மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

சாப்பாடு

ஒல்லியான வாத உடம்புக்கு உளுந்தங்களி, முட்டை, பால். உடம்பு சீக்கிரம் சூடாகும் பித்த உடம்புக்கு மோர், இளநீர். கப உடம்புக்காரர் இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைத்து, கொள்ளு, பயறு, காய்கறி சேர்க்கட்டும். எண்ணெய்க் குளியல் வாரம் ஒருநாள் போதும். ஆட்டம் உள்ள நாளில் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை

மிக உயரம், மிக ஒல்லி, சிலந்திக் கால் போல் நீண்ட விரல்கள், கண் பார்வைக் கோளாறு எல்லாம் சேர்ந்திருந்தால் 'ஆகா, பிறவி ஆட்டக்காரன்' என்று மகிழ்ந்துவிடாதீர்கள். 'மார்ஃபன்' என்ற பிறவிக் குறையாக இருக்கலாம். இதில் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் விரிந்து, கிழிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பெய்லர் பல்கலைக்கழகத்தில் ஆடிய 7 அடி ஐசையா ஆஸ்டினுக்கு, 2014ல் தொழில்முறைத் தேர்வுக்குச் சில நாள் முன்பு நடந்த பரிசோதனையில்தான் இது தெரியவந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் முன் இதய மருத்துவரிடம் காட்டி 'எக்கோ' எடுத்துவிடுங்கள். நாடி பார்த்து மட்டும் இதைத் தீர்மானிக்கக்கூடாது. நானே அப்படித்தான் அனுப்பி வைப்பேன்.

மற்றபடி, 18 வயதுக்கு மேல் உயரத்தை நினைத்து ஏங்க வேண்டாம். தினமும் 100 முறை கூடையைப் பார்த்து எறியச் சொல்லுங்கள். இடக்கையாலும் பந்து தட்டப் பழக்குங்கள். லேகியத்துக்கு வைத்திருந்த பணத்தில் நல்லதா ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுங்கள்.